மூக்கறியா நஞ்சும் முகர்ந்தறியும் துகளும்

நுழையும்முன்

அடிப்பிடித்த பாலையும் கெட்டுப்போன மீனையும் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவது மூக்கு. உடலுக்குக் காவல் நிற்கும் அந்தப் புலன், உயிரைப் பறிக்கும் சில வாயுக்களின் முன் செயலற்றுப் போகிறது. அந்த இடத்தில் நமக்குத் துணை நிற்பவை வெள்ளீயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களின் ஆக்சைடுகள். நம் வீட்டுப் பாத்திரங்களிலும் பொருநைக் கரை மண்ணிலும் இருக்கும் இப்பொருள்கள் மணமறியும் கருவிகளாவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூக்கின் காவலும் அதன் எல்லையும்

தொல்காப்பியர் உயிர்களை அவற்றின் அறிவை அடிப்படையாகக் கொண்டு ஆறு வகையாகப் பகுத்தார். தொட்டு அறிவதையும் சுவைத்து அறிவதையும் அடுத்து, முகர்ந்து அறிவதை மூன்றாம் அறிவாக வைத்தார். கறையானும் எறும்பும் அம்மூவறிவு உயிர்களுக்கு அவர் காட்டும் சான்றுகள். பார்வைக்கும் கேள்விக்கும் முன்பாக வைக்கப்பட்ட அந்த அறிவே இன்றும் நம் சமையலறையைக் காத்து வருகிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் கடுமையான மணம் இல்லை. கசிவை நாம் உடனே உணர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுடைய பொருளை அதில் மிகச் சிறிதளவு கலக்கின்றனர்.

ஆனால், எல்லா வாயுக்களிடத்தும் இக்காவல் பயன்படுவதில்லை. வாகனப் புகையிலும் எரிந்தும் எரியாத கரியிலும் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. மூச்சு தடையின்றி நடந்துகொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது.

கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு இதனினும் வஞ்சகமானது. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அது அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ நூறு பங்கு என்னும் அளவை எட்டியதும், சில நிமிடங்களில் மோப்ப நரம்புகள் மரத்துப்போகும். நாற்றம் மறைந்துவிடும். உள்ளே இருப்பவர் வாயு கலைந்துவிட்டதாக எண்ணுவார். உண்மையில் மறைந்தது அவருடைய மோப்ப ஆற்றலே. அளவு ஐந்நூறு பங்கைக் கடந்தால் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

கிணற்றில் இறங்கிய விளக்கு

திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணியின் கால்வாய் நீர் எட்டாத ஊர்களில் கிணறுகளே வேளாண்மைக்கு உயிர். இராதாபுரம், வள்ளியூர்ப் பகுதிகளில் பாறையை உடைத்து வெட்டிய ஆழமான கிணறுகள் பல உண்டு. நெடுநாள் இறைக்காமல் கிடந்த கிணற்றில் தூர் வார இறங்குமுன், எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது நாட்டுப்புறத்தில் வழங்கிவந்த முறை. விளக்கு அணைந்தால் எவரும் இறங்கக் கூடாது என்பது பொருள்.

இம்முறைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. காற்றில் இயல்பாக ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. அது ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். ஆகவே, அவ்விளக்கை ஓர் ஆக்சிஜன் உணரி எனலாம். எனினும் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் காற்றிலும் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் தேங்கிய குழியிலோ அச்சுடரே வெடிப்புக்குக் காரணமாகிவிடும்.

இதே சிக்கலை மேலைநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களும் எதிர்கொண்டனர். மீத்தேன் தீப்பற்றாதபடி கம்பிவலையால் சுடரை மூடிய காப்பு விளக்கை ஹம்ப்ரி டேவி 1815-இல் உருவாக்கினார். கார்பன் மோனாக்சைடை அறிய, கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றனர். மனிதருக்கு முன்னரே அப்பறவை மயங்கி விழும். பிரிட்டனின் சுரங்கங்களில் கேனரிகளுக்கு விடைகொடுத்து மின்னணுக் கருவிகளை அமர்த்தும் முடிவு 1986-இல்தான் எடுக்கப்பட்டது. சுடரும் பறவையும் செய்த வேலையை அணையாமலும் மயங்காமலும் செய்யக்கூடிய பொருள் எது என்னும் தேடலே உலோக ஆக்சைடுகளிடம் கொண்டுசேர்த்தது.

ஈயச் சொம்பு தரும் பாடம்

ஈயச் சொம்பில் வைத்த இரசத்தின் சுவையை நம் வீட்டுப் பெரியோர் புகழ்ந்து பேசக் கேட்டிருப்போம். பேச்சுவழக்கில் ஈயம் என்று சொன்னாலும் அச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நஞ்சாகிய காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருவுக்கு வந்து துருத்தி வைத்து ஊதிய காலத்தில், நவச்சாரத்தைத் தூவிப் பாத்திரத்தைத் துலக்கிச் சூடேற்றி, அதன்மேல் வெள்ளீயத்தை உருக்கித் தேய்த்தனர். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். உருகிய உலோகத்தைக் காற்றுப்பட விட்டுவைத்தால் அதன்மேல் மங்கிய ஆடை ஒன்று படியும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெள்ளீயமும் சேர்ந்து உண்டாக்கிய ஆக்சைடு அது. ஈயம் பூசுவோர் வேண்டாமென ஒதுக்கிய அந்த ஆடையின் இனத்தைச் சேர்ந்ததே, இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் வாயு உணரிப் பொருளாகிய வெள்ளீய டைஆக்சைடு.

உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஆக்சைடு பிறக்கும். பொருநை நாட்டில் இதனைப் பல வடிவங்களில் காணலாம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளிலுள்ள தேரி மணலுக்குச் செந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. தென்கடற்கரை மணலில் இருக்கும் ரூட்டைல் என்னும் கனிமம் டைட்டானியம் டைஆக்சைடே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இந்திய அரசு நிறுவனம் ஒன்று கடற்கரை மணலிலிருந்து இத்தகைய கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. இரும்பு, டைட்டானியம், துத்தநாகம், டங்ஸ்டன், இண்டியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் வாயு உணரிகளாக ஆராயப்பட்டுள்ளன. காருகுறிச்சியின் குயவர்கள் மண்ணைக் குழைத்து வனைந்து சூளையில் சுடுவது போலவே, உணரி செய்வோரும் ஆக்சைடுத் துகளைக் குழைத்துப் பூசி உயர் வெப்பத்தில் சுடுகின்றனர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் வேண்டும்; அவற்றிடையே காற்று நுழையும் நுண்துளைகள் இருக்கவும் வேண்டும்.

துகள் மணமறியும் விதம்

செம்பு மின்சாரத்தை நன்கு கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை குறைகடத்திகள். வெள்ளீய டைஆக்சைடின் படிக அமைப்பில் ஆங்காங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அவ்வெற்றிடங்களால் சில எலக்ட்ரான்கள் தளர்ந்து உலவுகின்றன. அவையே அத்துகளில் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை.

இத்துகளை ஏறத்தாழ 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் புறப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதனைப் பரப்புக் கவர்தல் என்பர். ஒட்டிய ஆக்சிஜன் துகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதனால் துகளின் மேற்புறத்தில் எலக்ட்ரான் குறைந்த அடுக்கு ஒன்று உண்டாகும். ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குச் செல்லும் மின்சாரம் இவ்வடுக்கைக் கடந்தாக வேண்டும். எனவே தூய காற்றில் உணரியின் மின்தடை மிகுதியாக இருக்கும்.

அப்போது கார்பன் மோனாக்சைடு வந்து சேர்வதாகக் கொள்வோம். அது புறப்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறி வெளியேறும். ஆக்சிஜன் பிடித்துவைத்திருந்த எலக்ட்ரான்கள் துகளுக்கே திரும்பிவிடும். தடுப்பு குறையும், மின்தடை சட்டென்று தாழும். வயலுக்குச் செல்லும் வாய்க்காலின் மடையைத் திறந்ததும் நீர் பாய்வது போன்றது இது. எவ்வளவு தாழ்ந்தது என்பதை அளந்தால் வாயுவின் அளவு தெரியும்.

நைட்ரஜன் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் இதற்கு மாறாகச் செயற்படுகின்றன. அவை தாமே எலக்ட்ரான்களைப் பறிப்பவை. ஆகவே மின்தடை கூடும். செம்பு, நிக்கல் ஆகியவற்றின் ஆக்சைடுகளில் மின்சாரத்தைச் சுமப்பவை துளைகள் என்பதால் அவற்றில் மின்தடை மாறும் திசை தலைகீழாகும்.

துகளின் அளவும் முதன்மையானது. எலக்ட்ரான் குறைந்த அடுக்கின் தடிமன் சில நானோமீட்டர்களே. துகள் பெரியதாயின் அம்மாற்றம் மேற்புறத்தோடு நின்றுவிடும். வெள்ளீய டைஆக்சைடுத் துகள் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் சிறியதாயின் முழுத்துகளும் வாயுவின் பாதிப்புக்கு உள்ளாகும். உணர்திறன் பன்மடங்கு பெருகும். பல்லேடியம், தங்கம் போன்றவற்றை மிகச் சிறிதளவு சேர்த்தால் அவை வினைவேகமாற்றிகளாக நின்று வினையை விரைவுபடுத்தும்.

தெரிந்து தெளிவோம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டிப் பரவும். ஆகவே அதற்கான உணரியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. அதற்கான உணரியைக் கூரைக்கு அருகில் பொருத்த வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமானதால் குழிகளிலும் தொட்டிகளிலும் அடியில் தேங்குகிறது.

1962 என்னும் ஆண்டு

வாயு படிந்தால் குறைகடத்தியின் மின்பண்பு மாறுகிறது என்பதைப் பிராட்டெய்னும் பார்டீனும் 1953-இல் ஜெர்மானியத்தைக் கொண்டு காட்டினர். டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். இவ்வுண்மையைக் கருவியாக்கிய பெருமை ஜப்பானியருக்கு உரியது. கியூஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் செய்யாமாவும் அவர்தம் குழுவினரும், சூடேற்றிய துத்தநாக ஆக்சைடின் மென்படலம் வாயுக்களை உணர்வதை 1962-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி உலோக ஆக்சைடு வாயு உணரிக்குக் காப்புரிமை கோரினார்.

அக்காலத்தில் ஜப்பானிய வீடுகளில் சமையல் எரிவாயு பரவலாகியிருந்தது. கசிவால் நேர்ந்த வெடிவிபத்துகளும் பெருகியிருந்தன. அவற்றைத் தடுக்க வேண்டும் என்னும் எண்ணமே தகுச்சியைத் தூண்டியது. வெள்ளீய டைஆக்சைடைச் சுட்டுச் செய்த அவருடைய உணரி 1968-இல் பெருமளவில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஆய்வகத்தில் கண்ட உண்மை, வீட்டுச் சுவரில் மாட்டும் எளிய கருவியானது.

அதே 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் தம் உடனாய்வாளருடன் நொதியையும் மின்முனையையும் இணைத்துக் குளுக்கோசை அளக்கும் வழியைக் கூறினார். உயிரி உணரிகளின் தொடக்கம் அதுவே. வாயுவை உணரும் கருவியும் உயிர்ப்பொருளை உணரும் கருவியும் ஒரே ஆண்டில் வேர்கொண்டன.

வெண்கலத்தின் இரு உலோகங்கள்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் ஜாகோர் 1876-இலும், அலெக்சாண்டர் ரீ 1899-ஆம் ஆண்டிலிருந்தும் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த வெண்கலப் பொருள்கள் பல இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகமே வெண்கலம். அவ்விரு உலோகங்களின் ஆக்சைடுகளையும் இன்று வேறொரு நோக்கில் ஒன்றுசேர்க்கின்றனர்.

வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பு நிறச் சல்பைடாக மாறுவதே அதற்குக் காரணம். செம்புக்கும் கந்தகத்தின்மீது இத்தகைய பற்று உண்டு. வெள்ளீய டைஆக்சைடுத் துகள்களின்மேல் செம்பு ஆக்சைடைச் சிறிதளவு தூவினால், இரண்டும் எதிரெதிர் வகைக் குறைகடத்திகள் ஆதலால் அவை சந்திக்கும் இடத்தில் மின்தடை மிகப் பெரிதாகும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் செம்பு ஆக்சைடு செம்பு சல்பைடாக மாறும். செம்பு சல்பைடு நன்கு மின்கடத்தும். தடை உடைந்து மின்சாரம் பாயும். வாயு நீங்கினால் சூட்டில் அது மீண்டும் ஆக்சைடாகும். எந்த வாயு நம் மூக்கை ஏமாற்றுகிறதோ அதனையே குறிவைத்து அறியும் உணரி இவ்வாறு கிடைக்கிறது.

நம் நாட்டு ஆய்வகங்களில்

இத்துறையில் தமிழ்நாட்டு ஆய்வகங்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. கல்பாக்கத்திலுள்ள இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 முதல் வேக ஈனுலைச் சோதனை உலை இயங்கி வருகிறது. அவ்வகை உலைகளில் வெப்பத்தைக் கடத்த உருகிய சோடியம் பயன்படுகிறது. நீராவி உண்டாக்கும் பகுதியில் நுண்ணிய விரிசல் ஏற்பட்டு நீர் சோடியத்தில் கலந்தால் கடும் வினை நிகழ்ந்து ஹைட்ரஜன் வெளிப்படும். விரிசல் பெரிதாகும் முன் அதனைக் கண்டறிய வேண்டும். சோடியத்தின்மேல் நிரப்பப்பட்டிருக்கும் ஆர்கான் வாயுவில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் கலந்தாலும் அறிந்து சொல்லும் உணரியை அம்மையத்து அறிவியலாளர் வெள்ளீய டைஆக்சைடின் மென்படலத்தால் உருவாக்கினர். அடுப்படியில் கசிவைக் காட்டும் அதே பொருள் அணு உலைக்கும் காவல் நிற்கிறது.

தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் துத்தநாக ஆக்சைடு உணரிகள் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. துத்தநாக உப்பின் கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டின்மேல் நுண்துளிகளாகத் தெளித்தால், துளிகள் சிதைந்து ஆக்சைடுப் படலமாகப் படியும். இவ்வாறு செய்த படலங்கள், உயர் வெப்பம் தேவைப்படாமல் அறை வெப்பநிலையிலேயே அம்மோனியாவை உணர்வதை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். சூடேற்றத் தேவையில்லை எனில் மின்செலவு குறையும். சிறிய மின்கலத்தாலும் கருவி நெடுநாள் இயங்கும்.

நீரும் உயிர்ப்பொருளும்

ஆக்சைடுகளின் பணி காற்றோடு முடிவதில்லை. நீரில் மூழ்கிய ஆக்சைடின் புறப்பரப்பு, நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கவும் இழக்கவும் வல்லது. நீர் அமிலத்தன்மை பெற்றால் புறப்பரப்பின் மின்னூட்டம் மாறும். இம்மாற்றத்தைச் சில்லில் அளக்கும் வகையில் நெதர்லாந்து அறிஞர் பெர்க்வெல்ட் 1970-இல் ஓர் அயனி உணரியை அமைத்தார். இன்று அத்தகைய சில்லுகளின்மேல் அலுமினியம், டான்டலம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் படலமாகப் பூசுகின்றனர். பாபநாசத்தில் தெளிந்து இறங்கும் தாமிரபரணி, நகரங்களைக் கடந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை எவ்விடத்தில் எவ்வாறு மாறுகிறது என்பதை இத்தகைய வேதி உணரிகளைக் கொண்டு கரையிலிருந்தே பின்தொடர முடியும்.

குளுக்கோசைக் கண்டறியப் பயன்படும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி, உடலின் இயல்பான காரத்தன்மையில் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதே சூழலில் துத்தநாக ஆக்சைடோ நேர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே பசையின்றியே நொதி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். தன் செயலையும் இழக்காது. வீடுகளில் குருதிச் சர்க்கரையை அளக்கும் பட்டைகளில் பெரும்பாலும் கார்பன், தங்கம் போன்ற மின்முனைகளே இன்று உள்ளன. துத்தநாக ஆக்சைடின் நானோ கம்பிகளை அவ்விடத்தில் அமைக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

கட்டுக்கு அடங்காத நீரிழிவு உடையோரின் மூச்சில் அசிட்டோன் மிகும். உடல்நலம் உடையோரின் மூச்சில் அது பொதுவாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டங்ஸ்டன் ஆக்சைடு கொண்டு அந்நுண்ணளவை அளக்க முயல்கின்றனர். இம்முயற்சி கைகூடினால் ஊசி குத்தாமல் மூச்சைக் கொண்டே நோயின் போக்கை அறிய வழி பிறக்கும்.

மயங்கும் மூக்கு

இவ்வுணரிகளுக்கும் குறைகள் உண்டு. அவற்றை அறியாமல் கருவியை நம்புவது, விளக்கை மட்டும் நம்பிக் கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

முதலாவது, தேர்வுத்திறன் குறைவு. எரிவாயுவுக்கென வைத்த உணரி நறுமணத் தெளிப்பானுக்கும் சாராய ஆவிக்கும் ஊதுவத்திப் புகைக்கும் ஒலி எழுப்பக்கூடும். இரண்டாவது, ஈரப்பதம். நீராவியும் புறப்பரப்பில் படிந்து மின்தடையை மாற்றும். வடகிழக்குப் பருவமழையின்போது ஓர் அளவும் சித்திரை வெயிலில் வேறோர் அளவும் காட்டும் கருவியைத் திருத்தாமல் நம்ப முடியாது. மூன்றாவது, நாள்பட்ட மாற்றம். துகள்கள் சூட்டில் மெல்ல வளர்ந்து பெரிதாகும். சிலிகோன் ஆவி படிந்தால் புறப்பரப்பு செயலிழக்கும். எனவே அளவறிந்த வாயுவைச் செலுத்திக் கருவியை உரிய காலத்தில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

தேர்வுத்திறன் குறைவுக்கு இயற்கையே ஒரு வழியைக் காட்டுகிறது. மனித மூக்கில் ஏறத்தாழ நானூறு வகை மோப்ப ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒரு மணத்துக்கு மட்டும் உரியது அன்று. பல ஏற்பிகள் சேர்ந்து தரும் குறிப்புகளை மூளை தொகுத்து, இது மல்லிகை, இது மருக்கொழுந்து எனப் பிரித்தறிகிறது. இவ்வழியைப் பின்பற்றி, பெர்சாடும் டாடும் 1982-இல் மூன்று உலோக ஆக்சைடு உணரிகளை ஒன்றாக வைத்து மணங்களைப் பிரித்தறிந்து காட்டினர். மின்னணு மூக்கு என இன்று வழங்கும் கருவிகளுக்கு அதுவே முன்னோடி. மீன் கெடும்போது எழும் டிரைமெத்தில் அமீன் வாயுவை அறிந்து அதன் புதுமையை மதிப்பிடவும் இத்தகைய உணரித் தொகுதிகள் ஆராயப்படுகின்றன.

வாயு அளவிகள் எல்லாம் ஆக்சைடால் ஆனவை அல்ல. குழிகளில் சோதிக்கக் கையில் எடுத்துச் செல்லும் நால்வாயு அளவிகளில் மின்வேதிக் கலங்களே மிகுதி. வெப்பம் மிகுந்த எண்ணெய் வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடைக் கண்காணிக்க நிலையாகப் பொருத்தும் கருவிகளில் ஆக்சைடுகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. எந்த இடத்துக்கு எந்த உணரி என்று தெரிந்தெடுப்பதே பொறியாளரின் அறிவு.

கருவி சொல்வதும் நாம் செய்வதும்

கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குகிறார். அவரும் மீள்வதில்லை. செய்தித்தாள்களில் இத்தகைய செய்தியை நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். இரண்டாமவரைக் கொல்வது வாயு மட்டும் அன்று. வாயு அங்கே இருப்பது கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமையும் ஆகும். அத்தெரியாமையை நீக்குவதே உணரியின் பணி.

எனினும், ஓர் எச்சரிக்கை மணி மட்டும் எவர் உயிரையும் காத்துவிடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவரை இறக்குவது அச்சட்டப்படி குற்றம். முதன்முறை குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் உயிரிழந்தோரின் குடும்பத்திற்கு வழங்கும் இழப்பீட்டை 2014-இல் பத்து இலட்சம் ரூபாய் என வரையறுத்த உச்சநீதிமன்றம், 2023-இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு எவ்வளவு உயர்ந்தாலும் அது போன உயிருக்கு ஈடாகாது. குழிக்குள் மனிதர் இறங்கத் தேவையில்லாத நிலையை இயந்திரங்களால் உண்டாக்குவதே முதற்கடமை. வாயு அளவியைக் காட்டி ஒருவரை உள்ளே இறங்கச் சொல்வது அறிவியலின் பயன் ஆகாது.

பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய் விலையுள்ள வெள்ளீய டைஆக்சைடு உணரியைக் கொண்டு எரிவாயுக் கசிவை அறியும் மாதிரியை நீங்களே செய்யலாம். கற்பதற்கு அது நல்ல கருவி. ஆனால், அளவுத்திருத்தம் செய்யாத அக்கருவியை நம்பி எவரும் கிணற்றிலோ தொட்டியிலோ இறங்கக் கூடாது. யாரேனும் உள்ளே மயங்கி விழக் கண்டால், பின்தொடர்ந்து இறங்காமல் தீயணைப்புத் துறையை அழைப்பதே அவரைக் காக்கும் வழி.

நம் முன்னோர் ஒரு விளக்கை இறக்கிப் பார்த்தபின் இறங்கினர். இறங்குமுன் அறிய வேண்டும் என்னும் அவர்தம் எண்ணம் இன்றும் பொருந்துவது. அறியும் கருவி வளர்ந்திருக்கிறது. அறிந்தபின் உயிரைப் பொருட்படுத்தும் பொறுப்பு நம்முடையது.

கலைச்சொற்கள்

உணரி – சென்சார்
குறைகடத்தி – செமிகண்டக்டர்
பரப்புக் கவர்தல் – அட்சார்ப்ஷன்
மின்தடை – ரெசிஸ்டன்ஸ்
வினைவேகமாற்றி – கேட்டலிஸ்ட்
நொதி – என்சைம்
தேர்வுத்திறன் – செலக்டிவிட்டி
அளவுத்திருத்தம் – காலிபிரேஷன்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கிணறு வெட்டுவோர், தூர் வாருவோர் கடைப்பிடிக்கும் அல்லது முன்பு கடைப்பிடித்த பாதுகாப்பு முறைகளைக் கேட்டறிந்து, அவற்றின் அறிவியல் அடிப்படையை எழுதுக.
2. உங்கள் வீட்டிலுள்ள உலோகப் பொருள்களில் கறுத்தோ துருப்பிடித்தோ உள்ளவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் படிந்திருப்பது ஆக்சைடா, சல்பைடா என ஆசிரியர் துணையுடன் ஆராய்க.
3. ‘மனிதர் இறங்காத சாக்கடை’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடி, உங்கள் உள்ளாட்சி அமைப்புக்கு ஒரு வேண்டுகோள் மடல் வரைக.

மதிப்பீடு

குறுவினா
1. எரியும் விளக்கு எந்த வாயுவின் குறைவைக் காட்டும்? எவற்றைக் காட்டாது?
2. ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் திடீரென மறைந்தால் அது ஆபத்தின் அறிகுறியாவது ஏன்?

சிறுவினா
1. வெள்ளீய டைஆக்சைடின் மின்தடை தூய காற்றில் மிகுவதையும் கார்பன் மோனாக்சைடு பட்டால் குறைவதையும் விளக்குக.
2. வெண்கலத்தின் இரு உலோகங்களும் ஹைட்ரஜன் சல்பைடை அறிய உதவுமாற்றை எழுதுக.

நெடுவினா
1. ‘கருவியின் எல்லையை அறிந்தவனே கருவியைப் பயன்படுத்தத் தகுந்தவன்’ – உலோக ஆக்சைடு உணரிகளைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.